விடை சரியா என்று யாரைக் கேட்பது?

கணக்குப் போட்டு முடித்த பிள்ளை அடுத்து என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நிமிர்ந்து வாத்தியார் முகத்தைப் பார்க்கும். நம் புருவம் கொஞ்சம் ஏறினால் போதும், ரப்பர் கைக்கு வந்துவிடும். விடை சரியாகவே இருந்தாலும் அழிபடும். மூணாறு பக்கம் எஸ்டேட் பகுதியில், தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் ஐந்து முதல் ஏழு வரை கணக்கு எடுக்கிறவன் நான். மாணவர் தன்னம்பிக்கை பற்றி யாராவது கேட்டால் இந்த ரப்பரைப் பற்றித்தான் முதலில் பேசுவேன்.

பயந்த பிள்ளை, கூச்சப்படுகிற பிள்ளை, 'கணக்கு வராது' என்று வீட்டிலேயே பெயர் வாங்கிய பிள்ளை என்றெல்லாம் தனித்தனியாகச் சொல்கிறோம். கிட்டே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் ஒன்றுதான். தான் எழுதியது சரியா தப்பா என்று கண்டுபிடிக்க அந்தப் பிள்ளைக்கு வழி தெரியாது. தீர்ப்பு வாத்தியாரிடம் இருக்கிறது, இல்லாவிட்டால் கைடில் இருக்கிறது, அதுவும் இல்லாவிட்டால் முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கிற பிள்ளையிடம் இருக்கிறது. தன் நோட்டில் மட்டும் இல்லை. அப்படியிருக்கும்போது 'உன்னால் முடியும்' என்று எத்தனை முறை முதுகில் தட்டினாலும் அது வாசல் தாண்டுவதற்குள் கரைந்துபோகும்.

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் சிரமம் உண்டு. மூணாறு அடங்கிய தேவிகுளம் தாலுகா இருப்பது கேரளத்தில். தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பேசுவது தமிழ். தாத்தா பாட்டிகள் திருநெல்வேலி, தேனிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். கேரள அரசின் பாடப்புத்தகம் தமிழில் அச்சாகி வருகிறது. பஸ்ஸிலும் ஆபீஸிலும் மலையாளம். பத்தாவது முடித்துப் பிளஸ் ஒன் போனால் கணக்குப் பாடமே இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறது. எந்த மொழியிலும் நாம் முழு ஆள் இல்லையோ என்ற சந்தேகம் சின்ன வயசிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதோடு 2024-25 முதல் எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் குறைந்தது 30 சதவீதம் எடுக்க வேண்டும் என்று வந்துவிட்டது. ஏழாம் வகுப்பு வாத்தியாரைப் பார்த்து எல்லோரும் விரல் நீட்டுகிற காலம் இது.

தன்னால் ஒரு வேலையைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதினார். நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து ஜெயித்த அனுபவம். தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது. மற்றவர்கள் சொல்லும் ஊக்கம். நெஞ்சு படபடப்பு, கை வியர்ப்பு போல உடம்பு தரும் சேதி. நான்கில் முதலாவதுதான் பலமானது என்பது அவர் கருத்து. நம் பள்ளிக்கூடங்களில் மூன்றாவதற்கு மட்டும் குறைவே இல்லை. பந்தல் போட்டு, மைக் வைத்து, வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்து ஊக்கம் கொடுக்கிறோம். மறுநாள் பின்னக் கணக்கு அதே இடத்தில்தான் நிற்கும்.

சரி, தானே ஜெயித்த அனுபவத்தை எப்படிக் கொடுப்பது? சுலபமான கணக்காகக் கொடுத்து எல்லோருக்கும் 'வெரி குட்' போடுவது ஒரு வழி. அது நடக்காது. பிள்ளைகள் அந்தத் தந்திரத்தை நம்மைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். கஷ்டமான கணக்காக இருக்க வேண்டும், அதைப் போட்டது தானே என்றும் போட்டது சரி என்றும் பிள்ளைக்கே தெரிய வேண்டும். என் வகுப்பில் நான் செய்கிறதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில் ரப்பரை எடுத்தேன். தப்பு என்று தோன்றினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே மறுபடி எழுதட்டும் என்றேன். நோட்டு அசிங்கமாக இருக்கிறது என்று சில வீடுகளிலிருந்து புகார் வந்தது. வரட்டும். அடித்த வரி நோட்டில் இருந்தால்தான் எந்த இடத்தில் வழி தவறியது என்று அந்தப் பிள்ளையும் நானும் சேர்ந்து பார்க்க முடியும். அழித்துவிட்டால் என்ன நினைத்தான் என்பதற்குத் தடயமே இல்லை.

அப்புறம் என் முகம். சரியான விடைக்கும் தப்பான விடைக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: "எப்படித் தெரியும்?" தப்பு வந்தால் மட்டும் இதைக் கேட்டால், கேள்வியே தீர்ப்பாகிவிடும். கேட்ட மாத்திரத்தில் ரப்பரைத் தேடுவான். சரியான விடைக்கும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால், சில வாரங்களில் பிள்ளைகள் முகத்தைப் படிப்பதை விட்டுவிட்டு நோட்டைக் காட்டிப் பேசத் தொடங்குகிறார்கள். கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து அளந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுத்தார்கள் என்று தெரிந்தது. அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று வினாடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கரும்பலகை முன்னால் நின்று பாருங்கள், யுகமாக இருக்கும். நான் மனசுக்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொள்வேன்.

விடை சரியா என்று தானே பார்க்கும் வழிகளைத் தனிப்பாடமாகவே சொல்லித்தர வேண்டியிருக்கிறது. 'சரிபார்' என்று சொன்னால் பிள்ளை செய்வது, அதே கணக்கை அதே மாதிரி இன்னொரு தரம் போடுவது. அதே தப்பு அதே இடத்தில் வரும். எங்கள் வகுப்பில் இதற்கு ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம், பெயர் 'இது ஏன் நடக்காது?' பலகையில் ஒரு தப்பான விடையை எழுதுவேன். கணக்கைப் போடாமலே அது தப்பு என்று நிரூபிக்க வேண்டும். 37ஐ 21ஆல் பெருக்கி 111 என்று எழுதியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வரியை ஓர் இடம் தள்ளி எழுதாமல் 37ஐயும் 74ஐயும் கூட்டிய விடை அது, பிள்ளைகளிடம் நிஜமாகவே வருகிற தப்பு. "முப்பது இருபது அறுநூறு சார், அதுக்கே கீழ போயிருச்சே" என்று ஒருவன் சொன்னால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதுவேன். மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டிய வினை. ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிட எப்படிக் குறையும்? இதைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குப் பின்னக் கூட்டல் இன்னும் வராமல் இருக்கலாம். ஆனாலும் பலகையில் இருக்கிற ஒரு விடையைத் தன் சொந்த மூளையால் தோற்கடித்துவிட்டது. அன்றைக்கு அதன் நடையே வேறு.

ஜார்ஜ் போலியா என்ற கணித அறிஞர் 1945இல் வெளிவந்த தன் நூலில், கணக்குத் தீர்ப்பதை நான்கு கட்டமாகப் பிரித்தார். கணக்கைப் புரிந்துகொள், வழி யோசி, செய்து முடி, திரும்பிப் பார். பி.எட். படித்த எல்லோரும் இதைப் பரீட்சையில் எழுதியிருப்போம். வகுப்பில் நடப்பது மூன்றாவது மட்டும்தான். நான்காவதற்கு மணி அடித்துவிடும். முதலாவது எவ்வளவு மோசமாகக் கிடக்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது.

1980ஐ ஒட்டி பிரான்சில் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டார்கள்: ஒரு கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஏதோ ஒரு வயதைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். இதை நான் எங்கள் ஊருக்கு மாற்றினேன். வட்டவடையிலிருந்து வருகிற ஜீப்பில் 9 பேரும் 4 மூட்டை உருளைக்கிழங்கும் இருக்கின்றன, டிரைவருக்கு என்ன வயசு? 36 என்றுதான் பலர் எழுதினார்கள். ஏன் கூட்டவில்லை என்று கேட்டேன். "பதிமூணு வயசுல லைசென்ஸ் தர மாட்டாங்க சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது, மரியாதையும் வந்தது. அந்தப் பையன் யோசிக்காமல் இல்லை. விடை நடைமுறைக்கு ஒத்துவருகிறதா என்றுகூடப் பார்த்திருக்கிறான். கணக்கு வகுப்பில் எண்கள் கொடுக்கப்பட்டால் அவற்றை எப்படியாவது முடிச்சுப் போட வேண்டும் என்ற சட்டத்தை மட்டும் அவனுக்கு நாம் ஆறு வருஷமாகப் பழக்கியிருக்கிறோம். 'இதற்குப் பதில் சொல்ல முடியாது' என்று எழுதும் துணிச்சல் அவனிடம் இல்லை. அந்தத் துணிச்சலுக்குத்தான் நான் தன்னம்பிக்கை என்று பெயர் வைப்பேன்.

அதிலிருந்து, எழுத்துக் கணக்கு எதுவானாலும் முதல் வாசிப்பில் எண்களைக் கையால் மறைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கதையைத் தன் பேச்சில் சொல்ல வேண்டும். லயத்துத் தமிழில் சொல்லட்டும், நடுவில் மலையாளம் வந்தாலும் வரட்டும். யார், எதை, யாருக்கு, எவ்வளவு மிச்சம். புத்தகத்தில் 'ஒரு வணிகர் தம்மிடமுள்ள' என்று ஆரம்பிப்பதைப் பிள்ளை 'கடக்காரர்கிட்ட' என்று ஆரம்பித்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி. இன்னொரு நாள் கதையையும் எண்களையும் கொடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் விட்டுவிடுவேன். என்னென்ன கேள்வி கேட்கலாம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். கேள்வி கேட்பவன் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் பரீட்சைத்தாள் மேல் இருக்கிற பயம் நன்றாகவே குறைகிறது.

இனி அம்மாக்கள் கதைக்கு வருகிறேன். பெற்றோர் கூட்டத்தில் அடிக்கடி கேட்கிற வசனம்: "எனக்கே கணக்கு வராது சார், இவளுக்கு எங்க வரப்போவுது." சொல்பவர் அன்றைக்குக் காலையில் தன் மாதச் சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு, கூடுதல் கிலோக் காசில் கொஞ்சம் குறைகிறது என்று ஆபீஸில் வாதாடிவிட்டு வந்தவராக இருப்பார்! தோட்டத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவு கிலோ கொழுந்து என்று அடிப்படை அளவு உண்டு. அதற்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக் காசு. இந்தக் கணக்கை மனசிலேயே போடாத பெண்ணை நான் லயத்தில் பார்த்ததில்லை.

ஏழாம் வகுப்பில் இதையே பாடமாக்கினேன். அடிப்படை 25 கிலோ என்று வைத்துக்கொண்டோம். நான்கு நாள் எடை: 48, 53, 39, 61. கூடுதல் எவ்வளவு? பிள்ளைகள் ஒவ்வொரு நாளிலும் 25 கழித்தார்கள். 23, 28, 14, 36, மொத்தம் 101. இதே கணக்கை வீட்டில் அம்மாவிடம் கேட்டு, எப்படிப் போட்டார் என்று அவர் வார்த்தையிலேயே எழுதிவரச் சொன்னேன். மறுநாள் வந்ததில் ஒரு வழி எல்லோரையும் நிமிர வைத்தது. அந்த அம்மா நான்கு நாள் எடையையும் மொத்தமாகக் கூட்டியிருக்கிறார், 201. 'நாலு நாளைக்கு நூறு போச்சு, மிச்சம் நூத்தி ஒண்ணு.' அவ்வளவுதான். வகுப்பு அரைப்பக்கம் எழுதியதை அவர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார்.

இரண்டு வழியும் ஏன் ஒரே விடையைத் தருகிறது என்று ஒரு பீரியட் முழுக்கப் பேசினோம். புத்தகத்தில் அடைப்புக்குறி போட்டு வருகிற விதிதான் இது. அப்புறம் நான் 39ஐ அழித்துவிட்டு 19 என்று எழுதினேன். மழை பிடித்த நாள், கொழுந்து ஏறவில்லை. அம்மா வழிப்படி மொத்தம் 181, நூறு போக 81. நாள் நாளாகப் போட்டால் 23, 28, ஒன்றுமில்லை, 36, ஆக 87. ஆறு கிலோ வித்தியாசம். எது சரி? வகுப்பு இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. அடிப்படைக்குக் கீழே போன நாளின் குறையை இன்னொரு நாளின் கூடுதலில் பிடிக்கலாமா கூடாதா என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி. நாள் கணக்கு என்றால் கூடாது, மாதக் கணக்கு என்றால் வேறு பேச்சு. அந்த அம்மாவின் மகள் வீட்டுக்குப் போய் அவரிடம், உன் வழி இங்கே தப்பாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். வந்த பதிலையும் எழுதிக்கொண்டு வந்தாள்: "அந்த நாள நான் எதுக்குக் கூட்டப்போறேன்? மூணு நாளைக்கு எழுவத்தஞ்சு கழி." 162இல் 75 போக 87.

இந்த ஒரு பாடம் பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்றையும் திறந்துவிட்டது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. எங்கோ பிறந்த கணித மேதையின் படத்தைச் சுவரில் மாட்டினால் 'அவர் மேதை, நான் இல்லை' என்பதுதான் பிள்ளைக்குப் போய்ச்சேர்கிறது. சொந்த அம்மாவின் கணக்கு வகுப்பில் பலகை ஏறினால், 'எங்க வீட்ல யாருக்கும் கணக்கு வராது' என்பதை அதன் பிறகு யாரும் சொல்ல முடியாது. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அம்மா முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

சதவீதத்துக்கும் ஊரிலேயே பாடம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத் தொழிலாளர் பெண்கள் தாங்களாகவே திரண்டு தெருவில் உட்கார்ந்தார்கள். 10 சதவீதமாகக் குறைக்கப்பட்ட போனஸை 20 ஆக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. கடைசியில் 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை என்று முடிந்தது. இப்போது ஏழாவது படிக்கிற பிள்ளைகளுக்கு அது கதை. அத்தைமார், பெரியம்மாமார் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் என்பதால் நெருக்கமான கதை. '8.33 என்று ஏன் இப்படி ஓர் எண்?' என்று கேட்டேன். 1965ஆம் வருஷத்துப் போனஸ் சட்டத்தில் அப்போது இருந்த குறைந்தபட்ச அளவு அது, அதிகபட்சம் 20. சரி, சட்டம் எழுதியவர்களுக்கு அந்த எண் எங்கிருந்து கிடைத்தது? நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். 8.333 என்று நிற்காமல் போகிறது. பன்னிரண்டில் ஒன்று, அதாவது ஒரு மாதச் சம்பளம்! வருஷத்துக்கு 72,000 ரூபாய் என்று வைத்தால் மாதம் 6,000. ஆனால் 8.33 சதவீதம் போட்டால் 5,997 ரூபாய் 60 காசுதான் வருகிறது. அந்த 2 ரூபாய் 40 காசு எங்கே போனது என்று ஒரு பையன் விடவே இல்லை. தசமத்தில் வெட்டுவது, தோராயம், மீளும் தசமம் என்று நான் வேறொரு நாளைக்கு வைத்திருந்த பாடமெல்லாம் அவன் கோபத்தில் அன்றைக்கே வந்துவிட்டது. மீதி 11.67க்கு 8,402 ரூபாய் 40 காசு, இரண்டும் சேர்ந்தால் சரியாக 14,400. கூட்டிப் பார்த்த பிறகுதான் அவன் உட்கார்ந்தான்.

உள்ளூர்க் கணக்கு என்றால் எல்லாவற்றிலும் தேயிலையைத் தூவுவது என்று சிலர் நினைக்கிறார்கள். புத்தகத்தில் மாம்பழம் இருந்த இடத்தில் கொழுந்து என்று மாற்றி எழுதினால் ஒன்றும் நடக்காது. கணக்கே அந்த இடத்திலிருந்து பிறக்க வேண்டும், விடையை வெளியே போய்ப் பார்த்து உறுதிப்படுத்தும்படி இருக்க வேண்டும். குறிஞ்சிப் பூ நல்ல உதாரணம். எங்கள் மலையில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிறது. 1994, 2006, 2018, அடுத்தது 2030. 'ஒரு பாட்டி 1957இல் பிறந்தார். 2024இல் அவருக்கு வயது 67. எத்தனை முறை குறிஞ்சி பூத்ததைப் பார்த்திருப்பார்?' என்று கேட்டால் எல்லோரும் 67ஐ 12ஆல் வகுப்பார்கள். ஈவு 5, மீதி 7. விடை ஐந்து என்று கைதூக்குவார்கள். வருஷங்களைப் பின்னோக்கி எழுதச் சொன்னால் 2018, 2006, 1994, 1982, 1970, 1958. ஆறு! வகுத்தல் தப்பா? வகுத்தல் தப்பில்லை, மீதிக்குள் ஒரு பூ ஒளிந்திருக்கிறது. எப்போது ஐந்து வரும், எப்போது ஆறு வரும் என்று ஆளாளுக்குத் தன் வீட்டுப் பெரியவர்களின் பிறந்த வருஷத்தை வைத்துப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வயசுக் குழந்தையாக இருந்தபோது பூத்ததை 'பார்த்ததாக' எடுத்துக்கொள்ளலாமா என்று நடுவில் ஒரு பெரிய சண்டை. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கேள்வியை இன்னும் தெளிவாக எழுதினால்தான் விடை நிற்கும் என்று அவர்களே முடிவுக்கு வந்து, 'பார்த்திருப்பார்' என்பதை 'பூத்திருக்கும்' என்று மாற்றிக்கொண்டார்கள். குறை எண்களுக்கு இவ்வளவு பாடுகூட இல்லை. ஜனவரியில் செண்டுவாரைப் பக்கம் தட்பவெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போய் புல் வெள்ளையாகிக் கிடப்பதைப் பார்த்த பிள்ளைக்கு, மைனஸ் ஒன்றைவிட மைனஸ் இரண்டு குறைவு என்பதை யாரும் விளக்க வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எல்லாக் கணக்கையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடலாம் என யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதிய பாடம் தொடங்கும்போது முழுசாகப் போட்டுக் காட்டுவதுதான் நல்லது. ஜான் ஸ்வெல்லரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980களில் இயற்கணிதப் பாடத்தில் சோதித்துப் பார்த்தபோது, புதிதாகக் கற்கிறவர்கள் வெறுமனே கணக்குகளோடு மல்லுக்கட்டுவதைவிட, போட்டுக் காட்டிய கணக்குகளைப் படித்து முன்னேறுவது சுலபமாக இருந்தது. ஒரே நேரத்தில் மனசு தாங்குகிற பாரம் கொஞ்சம்தான். நான் முதல் கணக்கை முழுக்கப் போடுவேன். இரண்டாவதில் கடைசி வரியை விடுவேன். மூன்றாவதில் கடைசி இரண்டு வரி. அப்படியே என் கை குறைந்து அவர்கள் கை கூடும். எந்த வரியில் எந்தப் பிள்ளை நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும். பின்தங்கிய பிள்ளைக்கு 'நீ யோசி' என்று சொல்லிவிட்டு நகர்வது அதற்குச் செய்கிற உதவி இல்லை.

வாய்ப்பாடு விஷயத்திலும் நான் பழைய ஆள்தான். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாயில் நிற்காத பிள்ளை, பெரிய கணக்கின் நடுவே அதைத் தேடப் போய் வந்த வழியையே மறந்துவிடும். ஆனால் எழுப்பி நிறுத்தி, எல்லோர் முன்னாலும் கேட்டு, தடுமாறினால் நின்றுகொண்டே இருக்க வைப்பது வேண்டாம். பண்டூராவின் நான்காவது ஊற்று இதுதான். நெஞ்சு அடித்துக்கொள்கிறபோது தெரிந்ததும் வராது. பிறகு கணக்கு என்று கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஜோடியாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளட்டும், ஸ்டாப் வாட்ச் வேண்டாம். வராத வரிகளை மட்டும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். 9 வாய்ப்பாடு வரை மொத்தம் எழுதிப் பார்த்தால், உண்மையில் தொந்தரவு தருகிற வரி விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அதைப் பார்த்ததுமே பாதிப் பயம் போய்விடும்.

பாராட்டு பற்றி ஒரு வார்த்தை. 'நீ கெட்டிக்காரி' என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். அடுத்த கணக்கில் தப்பு வந்தால் கெட்டிக்காரிப் பட்டம் போய்விடுமே என்று பிள்ளை கஷ்டமான கணக்கைத் தொடவே பயப்படுகிறது. என்ன செய்தாள் என்பதைச் சொன்னால் போதும்: படம் போட்டுப் பார்த்தாய், சின்ன எண்ணை வைத்துச் சோதித்தாய், பாதியில் வழி மாற்றினாய். இது பாராட்டு மாதிரியே இருக்காது. ஆனால் மறுநாள் அதே வேலையைத் திரும்பச் செய்வாள்.

மதிப்பெண் ஏறுமா என்றுதான் தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முதல் பருவத்து ஓணப் பரீட்சைக்குள் பெரிதாக எதுவும் தெரியாது, பாடமும் கொஞ்சம் பின்தங்கும். கிறிஸ்துமஸ் பரீட்சைத் தாளில் நான் முதலில் பார்ப்பது, எழுதாமல் விட்ட கேள்விகள் எத்தனை என்பதை. எழுத்துக் கணக்கை வெற்றிடமாக விட்டுப்போகிற பழக்கம் குறைந்திருக்கும். பாதி வழி எழுதியிருந்தாலும் அதற்கு மார்க் உண்டு, 30 சதவீதத்தை எட்ட முடியாமல் தவிக்கிற பிள்ளைக்கு அந்த மார்க் பெரிசு. மேலே இருக்கிற பிள்ளைகளில் சிலர் முதலில் எரிச்சல்படுவார்கள். விடை சொன்ன பிறகும் எப்படித் தெரியும் என்று கேட்டால் அவர்களுக்கு அவமானமாக இருக்கும். அவர்களை வைத்தே 'இது ஏன் நடக்காது?' விளையாட்டுக்குத் தப்பு விடைகளைத் தயாரிக்கச் சொல்லுங்கள். பார்த்தால் சரி போலவே தெரிகிற தப்பு விடையைச் செய்வது, சரியான விடையைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம் என்று அப்போது தெரியும், எரிச்சல் அடங்கிவிடும்.

புதிதாகச் செய்து பார்க்க விரும்புகிற ஆசிரியர் வாரத்தில் ஒரே ஒரு பீரியட் ஒதுக்கினால் போதும், பாடத்திட்டம் சாய்ந்துவிடாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் மட்டும் வேண்டாம். எங்கள் பக்கம் அந்த நேரத்தில் ஜீப் ஹாரன் கேட்டுவிட்டால் போலியாவே வந்தாலும் ஒருவனும் பலகையைப் பார்க்க மாட்டான். செவ்வாய் காலை இரண்டாவது பீரியட் எங்களுக்குச் சரியாக அமைந்தது.